வீட்டை விற்கப் போகிறீர்களா? புரோக்கரைக் கூப்பிடும் முன் விலையை நீங்களே கணக்குப் போடுங்கள்

வீட்டை விற்கலாம் என்று வாயைத் திறந்ததுமே ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள். புரோக்கர் ஒன்று சொல்வார், எதிர் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வெளிநாட்டில் இருக்கும் மச்சினர் நெட்டில் பார்த்துவிட்டு அதைவிட இருபது லட்சம் கூட்டிச் சொல்வார். நாம் மனதுக்குள் வைத்திருக்கிற விலை இதில் எதிலும் சேராது. அது வீடு கட்ட ஆன செலவு, பதினைந்து வருடம் கட்டிய வட்டி, பெண் கல்யாணத்துக்குத் தேவைப்படும் தொகை எல்லாம் கலந்து உருவான ஒரு எண். வாங்க வருகிறவருக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதே பணத்துக்கு இதே ஏரியாவில் வேறு என்ன கிடைக்கும் என்பதை மட்டும்தான் அவர் பார்ப்பார்.

நிலம், கட்டடம், பத்திரம், சாலை, தண்ணீர் என்று எத்தனை விஷயம் சொன்னாலும் எல்லாம் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்கும். உங்கள் வீட்டை வாங்க முடிகிற ஆட்கள் எத்தனை பேர்? பத்து பேர் போட்டி போட்டால் நீங்கள் சொல்வதுதான் விலை. ஒரே ஒருவர்தான் வாங்க முடியும் என்றால் அவர் சொல்வதுதான் விலை. கீழே வரும் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே படியுங்கள். நான் சொல்வது தமிழ்நாட்டுக் கணக்கு, அதிலும் சென்னையையும் அதன் புறநகரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கோவை, மதுரை, திருச்சிக்காரர்கள் கிரவுண்டுக்குப் பதில் சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அநேகமாக ஒன்றுதான். (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி.)

வழிகாட்டி மதிப்பு உங்கள் விலை இல்லை, ஆனால் அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது

பதிவுத்துறை தெரு வாரியாக, சர்வே எண் வாரியாக ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. டிஎன்ரெஜிநெட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பலர் இதைப் பார்த்துவிட்டு "அரசாங்கமே இவ்வளவுதான் போட்டிருக்கு" என்று சோர்ந்து போவார்கள், இல்லாவிட்டால் இதையே இரண்டால் பெருக்கி "மார்க்கெட் விலை" என்பார்கள். இரண்டும் தப்பு. இது முத்திரைக் கட்டணம் வசூலிக்க அரசு வைத்திருக்கும் கணக்கு, சந்தையோடு கூடவே ஓடிவராது. 2017-இல் மாநிலம் முழுக்க ஒரே வீச்சில் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-இல் திரும்பப் பழைய நிலைக்கே ஏற்றினார்கள், 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தினார்கள். அந்தந்த நாளில் உங்கள் தெருவில் வீட்டு விலை ஒரே ராத்திரியில் இறங்கி ஏறியதா என்ன?

ஆனாலும் இரண்டு காரணத்துக்காக அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வாங்குபவர் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விற்பனை விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்காகும். பழைய வீடு என்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம். இரண்டாவது, வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விற்றால் வருமான வரியில் உங்களுக்கே சிக்கல் வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் எல்லாம் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே இருப்பது கேட்கிற விலை. அந்த விலைக்கு விற்றிருந்தால் அந்த விளம்பரமே அங்கே இருக்காதே! எட்டு மாதமாகத் தொங்கும் விளம்பரத்தைப் பார்த்து நம் வீட்டு விலையை முடிவு செய்வது வீண்.

உருப்படியான வழி வில்லங்கச் சான்றிதழ், எல்லோரும் ஈசி என்று சொல்வது. பெரும்பாலானோர் தங்கள் சொத்துக்கு மட்டும்தான் ஈசி போட்டுப் பார்ப்பார்கள். டிஎன்ரெஜிநெட்டில் உள்நுழைந்து, உங்கள் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்து, கடந்த இரண்டு வருடத்துக்குத் தேடிப் பாருங்கள். மனைப்பிரிவு என்றால் ஒரே சர்வே எண்ணுக்குள் பல மனைகள் இருக்கும், அக்கம்பக்கத்தில் நடந்த கிரையங்களும் அதிலேயே வந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும், மனையின் அளவும் இருக்கும். பக்கத்து சர்வே எண்களுக்கும் இதே மாதிரி தேடினால் ஒரு மாலையில் உங்கள் ஏரியாவின் சரித்திரமே கையில் வந்துவிடும்.

இதில் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. பத்திரத்தில் போட்ட தொகை முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கைமாற்றுத் தொகையும் வழிகாட்டி மதிப்பும் காசு சுத்தமாக ஒன்றாக இருந்தால், மீதி வேறு வழியில் கை மாறியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் கிரையத்துக்கு அடுத்தே, அதே நாளிலோ ஓரிரு நாளிலோ, "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு வங்கியின் பெயரில் பதிவு இருந்தால் அது உங்களுக்குத் தங்கம். அதில் கடன் தொகை இருக்கும். வங்கி பொதுவாக 75 முதல் 80 சதவீதத்துக்கு மேல் தராது என்பதால், 60 லட்சம் கடன் என்றால் அந்த வீடு குறைந்தது 75 லட்சத்துக்காவது போயிருக்கும் என்று ஊகிக்கலாம். வங்கிக் கடனில் நடந்த நாலைந்து விற்பனை கிடைத்தால் போதும், எந்தப் புரோக்கர் சொல்வதையும்விட அது நம்பகமானது.

நிலம் ஏறும், கட்டடம் இறங்கும்

தனி வீடு என்றால் விலையை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். பலருக்கு மனசு கஷ்டப்படும் இடம் இதுதான்.

கணக்குக்காக ஒரு வீடு எடுத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி மனை. கீழும் மேலுமாக 1700 சதுர அடி கட்டடம், வயது 17. ஈசி பார்த்ததில் அந்தத் தெருவில் மனை சதுர அடி 6,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை மட்டும் 72 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 40 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் அது புது வீடு இல்லையே. ஆர்சிசி கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிச்ச மதிப்பு என்று வைத்தால் வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் வரும். 17 வருடத்துக்கு 25.5 சதவீதம். அதைக் கழித்தால் கட்டடம் சுமார் 30 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் ஒரு கோடியே இரண்டு லட்சம் சொச்சம்.

வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளரும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்வார். நீங்கள் போட்ட தேக்கு நிலைக்கதவு, காரைக்குடியிலிருந்து வரவழைத்த ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் அவர் படிவத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

வீடு முப்பது, முப்பத்தைந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் கதை வேறு. சென்னையில் தி.நகர், அசோக் நகர், அண்ணா நகர் மாதிரி இடங்களில் வாங்குபவர் வீட்டுக்குள் வந்து பார்க்கவே மாட்டார், வெளியே நின்று மனையையும் சாலை அகலத்தையும் அளப்பார். அவருக்கு உங்கள் கட்டடம் இடிக்க வேண்டிய ஒரு செலவு. எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான் அவர் கணக்கு: 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு, எஃப்எஸ்ஐ என்பார்களே அது, 2. ஒரு கிரவுண்டில் 4800 சதுர அடி கட்டலாம். சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று கூடுதலாக 50 சதவீதம் வரை வாங்கலாம். அதனால் ஒரே நகரில், அடுத்தடுத்த இரண்டு தெருவில், ஒரே அளவு மனைக்கு பில்டர் இரண்டு விலை சொல்வார். அந்த மாதிரி மனையை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு குடிவருபவரைத் தேடி அலைவது நஷ்டம். விலை கேட்க வேண்டியது பில்டரிடம்.

மனையின் வடிவமும் பேசும். 30-க்கு 40 மனையும் 1200 சதுர அடிதான், 20-க்கு 60 மனையும் 1200 சதுர அடிதான். இரண்டாவதில் காரை நிறுத்தினால் வீட்டுக்குள் போக வழி யோசிக்க வேண்டும். முன்னது சீக்கிரம் விற்கும், விலையும் கொஞ்சம் கூடவே நிற்கும். அப்புறம், சின்ன மனைக்குச் சதுர அடி விலை அதிகமாகவும் பெரிய மனைக்குக் குறைவாகவும் இருப்பது சகஜம். 800 சதுர அடியை வாங்கக் கையில் பணம் இருப்பவர்கள் நிறைய, மூன்று கிரவுண்டை வாங்க இருப்பவர்கள் கொஞ்சம். பக்கத்துத் தெரு அரை கிரவுண்டின் ரேட்டை அப்படியே உங்கள் மூன்று கிரவுண்டுக்குப் போட்டுப் பெருக்காதீர்கள்.

பிளாட் என்றால் யூடிஎஸ்

அடுக்குமாடி வீட்டில் உங்களுக்குச் சொந்தமான நிலம் பிரிக்கப்படாத பங்காக இருக்கும், இதைத்தான் யூடிஎஸ் என்பார்கள். பத்திரத்தில் "பிரிபடாத பாகம்" என்று சதுர அடியில் போட்டிருப்பார்கள். 1000 சதுர அடி பிளாட் இரண்டு. ஒன்று தொண்ணூறுகளில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம், யூடிஎஸ் 550. இன்னொன்று பதினைந்து மாடி, நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கிறது, யூடிஎஸ் 250. இன்றைக்கு இரண்டாவது அதிக விலைக்குப் போகலாம். ஆனால் முதலாவதன் சொந்தக்காரர் "பழைய பிளாட் சார், யார் வாங்குவா" என்று விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. லிஃப்ட் இல்லாமல் மூன்றாவது மாடியில் இருந்தாலும் அவர் கையில் 550 சதுர அடி நிலம் இருக்கிறது. 2022-இல் வந்த அடுக்குமாடி வீடு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று ஆன பிறகு, பழைய பிளாட்டுகளுக்கு யூடிஎஸ்ஸைக் குறிவைத்தே ஆட்கள் வருகிறார்கள். உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விலை சொல்லாதீர்கள்.

சதுர அடி என்று சொல்லும்போது எந்தச் சதுர அடி என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்து 1000 சதுர அடியில் படிக்கட்டு, லாபி எல்லாம் சேர்ந்திருக்கும். உள்ளே கால் வைக்கிற இடம் 750-தான் இருக்கும். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவையில் ஒப்பிட வேண்டும். கார் நிறுத்த மூடிய இடம் பத்திரத்திலேயே இருக்கிறதா, மாதப் பராமரிப்புத் தொகை எவ்வளவு, அசோசியேஷனில் சண்டை ஓடுகிறதா, இதையெல்லாம் வாங்குபவர் வாட்ச்மேனிடமே கேட்டுவிடுவார்.

காகிதங்கள்

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் வீட்டு விலையை வெட்டுவதில் சுவர் விரிசலைவிடப் பெரியது பத்திர விரிசல். காரணம் நேரானது: காகிதம் சரியில்லை என்றால் வங்கி கடன் தராது. வங்கி தராவிட்டால் சம்பளக்காரர்கள் முழுப் பேரும் வரிசையிலிருந்து விலகிவிடுவார்கள். மிச்சம் இருப்பது முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்கும் ஆட்கள் மட்டும், அவர்கள் தள்ளுபடி கேட்டுத்தான் வருவார்கள்.

தாய்ப் பத்திரத்திலிருந்து உங்கள் பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா பாருங்கள். முப்பது வருட ஈசி போட்டு, பழைய அடமானம் ஏதாவது தீர்க்கப்படாமல் தொங்குகிறதா பாருங்கள். கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ரசீது ஆவணம் பதிவு செய்திருக்க மாட்டீர்கள், ஈசியில் அது கடன் இருப்பதாகவே காட்டும். பட்டா இன்னும் முன்னாள் சொந்தக்காரர் பெயரிலோ, காலமான அப்பா பெயரிலோ இருந்தால் இப்போதே மாற்ற விண்ணப்பியுங்கள். பார்ட்டி வந்த பிறகு ஓடினால், "பட்டா வரட்டும் சார், பார்க்கலாம்" என்று அவர் போய் வேறு வீடு வாங்கிவிடுவார்.

அப்பா சொத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். உயில் எதுவும் எழுதாமல் அவர் போயிருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் உட்பட. "தங்கச்சி ஒண்ணும் கேக்க மாட்டா" என்பது வங்கி வக்கீலிடம் எடுபடாது, அவருக்கு வேண்டியது தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம், இல்லையென்றால் கிரையத்தன்று தங்கை நேரில் வந்து போடும் கையெழுத்து. இதை விலை பேசும் முன்பே குடும்பத்துக்குள் முடித்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஒரு வாரிசு முரண்டு பிடித்தால் பேரம் முழுக்க வாங்குபவர் பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்து அப்ரூவல். சிஎம்டிஏ, டிடிசிபி என்ற அரசு நகரமைப்பு அமைப்புகளின் அனுமதி பெற்ற மனைக்கும், அந்தக் காலத்துப் பஞ்சாயத்து அப்ரூவல் மனைக்கும் விலை வித்தியாசம் நிஜமானது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு இது உறைத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரப் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்தது. நீங்கள் அப்போது பணம் கட்டி வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அதைத் தேடி எடுத்து மற்ற பத்திரங்களோடு வையுங்கள், பல லட்சம் பெறும் காகிதம் அது. கட்டடம் வரைபட அனுமதிப்படிதான் இருக்கிறதா என்பதும் கேள்வி. கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கிவிட்டு மேலே ஒரு மாடி தூக்கியிருந்தால், வங்கி மதிப்பீட்டாளர் அந்த மாடியைக் கணக்கில் சேர்க்காமலேயே போகலாம். உங்களுக்கு 1700 சதுர அடி, வங்கிக்கு 1100.

கோயில் மனையில் கட்டிய வீடுகள் தனி ரகம். நிலம் கோயிலுடையது, உங்களிடம் இருப்பது கட்டடம் மட்டும். அங்கே பக்கத்துத் தெருவின் ரேட்டோடு ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரே வழி: விற்பனைக்குப் போடும் முன் நீங்களே ஒரு வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கிவிடுங்கள். செலவு சில ஆயிரம்தான். வாங்குபவரின் வக்கீல் கண்டுபிடித்தால் அது விலைக்குறைப்பு, உங்கள் வக்கீல் கண்டுபிடித்தால் அது சரிசெய்ய வேண்டிய வேலை.

சாலை, தண்ணீர், வெள்ளம், வாஸ்து

சென்னையில் 2015-க்குப் பிறகு வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் என்ன ஆனது என்று வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஏரியாப் பெயருக்கே ஒரு தள்ளுபடி ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரே ஏரியாவில் மேடான தெருவும் இருக்கும், பள்ளத் தெருவும் இருக்கும். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் அதைச் சொல்லிக் காட்டுங்கள், வாசற்படி சாலையைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து வையுங்கள். வந்தது என்றால் மறைக்காதீர்கள், பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டால் இடுப்பளவா முழங்காலளவா என்று சொல்லிவிடுவார்கள்.

சாலை உயர்ந்துகொண்டே போய் வீடு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தால் அதுவும் விலையில் தெரியும். போர் தண்ணீர் நல்லதா உப்பா, மெட்ரோ வாட்டரும் பாதாளச் சாக்கடையும் இணைப்புக் கொடுத்தாகிவிட்டதா, இவை புறநகரில் பெரிய வித்தியாசம் காட்டும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெரு என்று தெரிந்தால் குடும்பப் பெண்கள் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

மெட்ரோ வரப்போகிறது, விமான நிலையம் வரப்போகிறது என்பதற்கு என்ன விலை? கட்டி முடித்து ஓடும் ரயிலுக்கு வாங்குபவர் பணம் தருவார். தூண் எழும்பி நிற்கும் வழித்தடத்துக்குக் கொஞ்சம் தருவார். அறிவிப்புக்குத் தருகிறவர் முதலீட்டாளர் மட்டும்தான், குடியிருக்க வருகிறவர் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கும் முன்பே, அதைச் சுற்றியிருந்தவர்கள் பல வருடமாக அதைச் சொல்லியே விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாஸ்துவில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. கிழக்கும் வடக்கும் பார்த்த வாசலுக்கு மவுசு. தெற்கு வாசலும் தெருக்குத்தும் ஆட்களைக் குறைக்கும். அதற்காக விலையைப் பாதியாக்க வேண்டியதில்லை, கூடுதல் மாதங்கள் காத்திருக்கத் தயாராக இருங்கள், அவ்வளவுதான். வாஸ்து பார்க்காதவர்களும், வேறு மதத்தவர்களும் வாங்குவார்கள்.

வாங்குபவரின் பாக்கெட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள்

நாம் ஒரு கோடி என்று சொல்லும்போது அவருக்கு அது ஒரு கோடி இல்லை. 9 சதவீதப் பதிவுச் செலவு 9 லட்சம், அதை வங்கி கடனாகத் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு 80 சதவீதமும், அதற்கு மேலான கடனுக்கு 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. ஆக ஒரு கோடி வீட்டுக்குக் கடன் 75 லட்சம் கிடைத்தாலும், அவர் கையிலிருந்து 25-ம் 9-ம் சேர்த்து 34 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். புரோக்கர் கமிஷன், வீடு மாற்றும் செலவு தனி. அதிலும் வங்கி பார்ப்பது நீங்கள் சொன்ன விலையை மட்டும் இல்லை, தன் மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு குறைவாக இருந்தால் அதன் மேல்தான் கடன். நீங்கள் பேசிய விலை ஒரு கோடி, மதிப்பீடு 88 லட்சம் என்றால் நடுவில் இருக்கும் 12 லட்சமும் அவர் தலையில்தான். பல பேரங்கள் "பார்ட்டி பின்வாங்கிட்டாரு" என்று முடிவது இந்த இடத்தில்தான்.

இதனால்தான் வாங்குபவர்களின் பட்ஜெட் எல்லைக்குச் சற்றுக் கீழே விலை வைப்பது புத்திசாலித்தனம். தளங்களில் தேடுகிறவர்கள் 80 லட்சம் வரை, ஒரு கோடி வரை என்று வடிகட்டித் தேடுவார்கள். நம் உதாரண வீட்டுக்குக் கணக்கு 1.02 கோடி வந்தது. 1.15 என்று போட்டுவிட்டு "பேசித் தீர்த்துக்கலாம்" என்பதைவிட 99 லட்சம் என்று போட்டால் வருகிற கூட்டமே வேறு. முதல் மூன்று நாலு வாரம்தான் சூடு இருக்கும். ஆறு மாதம் நிற்கும் வீட்டைப் பார்த்தால் "ஏதோ வில்லங்கம் இருக்கு போல" என்ற பேச்சு தானாகக் கிளம்பிவிடும், அதன் பிறகு விலையைக் குறைத்தாலும் சந்தேகம்தான் கூடும்.

காலமும் கொஞ்சம் பாருங்கள். ஆடியில் பதிவு குறையும், ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. தையிலும் முகூர்த்த நாட்களிலும் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம். ஆவணியிலோ தையிலோ கிரையம் முடிகிற மாதிரி இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தால் நல்லது.

வீட்டை விற்கும் முன் எவ்வளவு செலவு செய்யலாம்? பெயிண்ட், ஓதம் ஏறிய சுவர், ஒழுகும் குழாய், மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங், இவ்வளவுதான். புது மாடுலர் கிச்சன் போட்டுவிட்டு அதை விலையில் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாங்குபவர் அதைப் பிடுங்கிவிட்டுத் தன் மனைவிக்குப் பிடித்த நிறத்தில் வேறு போடுவார்.

கையில் எவ்வளவு நிற்கும்

யாராவது "ஒயிட் கொஞ்சம், பிளாக் கொஞ்சம்" என்று பேசினால் அந்த விலையை உயர்ந்த விலை என்று எண்ண வேண்டாம். ரொக்கமாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் சொத்து விற்பனைக்கு வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாகவே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. தவிர, அந்தப் பணத்தை வைத்து நீங்கள் இன்னொரு வீட்டை நேர்மையாக வாங்க முடியாது.

வழிகாட்டி மதிப்பு விஷயம் சொன்னேன் இல்லையா: அது உங்கள் விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், நீங்கள் வாங்காத பணத்துக்கும் சேர்த்து, வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்து வரி போடுவார்கள். அவசரத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் நீண்ட கால மூலதன ஆதாயம், வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய முறையையும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரலுக்கு முன் அப்பாவோ தாத்தாவோ வாங்கியது என்றால் வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நாளின் வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கை ஆடிட்டரிடம் விலை பேசும் முன்பே போட்டுவிடுங்கள். அப்போதுதான் "கடைசி விலை என்ன?" என்று கேட்கும்போது எவ்வளவு இறங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும்.

விற்பனை விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார், அது உங்கள் பான் கணக்கில் வரவாகும். சொத்து துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உங்கள் அண்ணன் பெயரில் இருக்கிறது என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. வெளிநாடு வாழ் இந்தியருக்கு 50 லட்ச வரம்பும் கிடையாது, மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே, பல சமயம் முழு விற்பனைத் தொகையின் மேலேயே பிடிப்பார்கள். அதைக் குறைக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வர நாளாகும் என்பதால் பார்ட்டி கிடைத்து விற்பனை ஒப்பந்தம் போட்ட வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், ஒப்பந்தத்தில் கிரையத் தேதியையும் அதற்குத் தகுந்தாற்போல் தள்ளி எழுதிக்கொள்ளுங்கள்.